பிராப் டிரேடிங் நிறுவனத்தில் முதல் இன்டர்வியூ: உங்கள் அனுபவம் என்ன?

இன்டர்வியூ அழைப்பு எப்படி வந்தது என்று தனிமடலில் பலர் கேட்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கோவையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் படித்தேன். கிராவிட்டன், குவாட்ஐ போன்ற குர்கான் பிராப் நிறுவனங்கள் ஆள் எடுக்கப் பெரும்பாலும் ஐஐடி போன்ற வளாகங்களுக்குத்தான் போகும்; எங்கள் பக்கம் வந்ததில்லை. வாடிக்கையாளர் பணத்தைத் தொடாமல் சொந்தப் பணத்தில் மட்டும் பங்குச்சந்தையில் வாங்கி விற்கிறவர்கள் இவர்கள், எடுக்கும் ஆட்களும் குறைவு. நிறுவனங்களின் இணையதளத்தில் நேராக விண்ணப்பிப்பதுதான் எனக்கிருந்த வழி.

ரெஸ்யூமே ஒரே பக்கம். அதில் வேலை செய்தது ஒரு பத்திதான் என்று உறுதியாக நம்புகிறேன். தேசியப் பங்குச்சந்தையான என்எஸ்இ தினமும் வெளியிடும் பவ்காப்பி கோப்புகளை (அன்றைய விலைப்பட்டியல்) இறக்கி, நிஃப்டி ஆப்ஷன்களில் (குறித்த விலைக்கு வாங்கும் உரிமை கால், விற்கும் உரிமை புட்) இரண்டின் விலையும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்கிற புட்-கால் பாரிட்டி நிற்கிறதா என்று பைத்தானில் சோதித்திருந்தேன். ஒரே ஸ்ட்ரைக்கில், அதாவது அந்தக் குறித்த விலையில், கால் விலையிலிருந்து புட் விலையைக் கழித்தால், ஃபியூச்சர் விலைக்கும் (பின்னாளில் வாங்க இன்றே பேசிக்கொள்ளும் விலை) ஸ்ட்ரைக்குக்கும் உள்ள வித்தியாசம் வரவேண்டும், வட்டிக்காகக் கொஞ்சம் கழித்துக்கொண்டு. சந்தை விலையிலிருந்து தூரத்தில் இருக்கும் ஸ்ட்ரைக்குகள் பலவற்றில் வரவில்லை. யாரும் எடுக்காமல் கிடக்கும் லாபம் போலத் தெரியும். ஆனால் அந்த ஸ்ட்ரைக்குகளில் கால் கடைசியாகக் கைமாறியது காலையில் இருக்கும், புட் மதியம் இருக்கும். கோப்பில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு விலைகளும் ஒரே நேரத்து விலைகள் அல்ல. இந்தக் காரணத்தையும் ரெஸ்யூமேயிலேயே சேர்த்திருந்தேன். இன்டர்வியூவின் முதல் கேள்வியே, "இவ்வளவு இடைவெளி கண்டுபிடித்தீர்களே, ஏன் பணம் பண்ணவில்லை?" என்பதுதான்.

அதற்கு முன்னால் ஆன்லைன் தேர்வு. ஆப்டிவர் என்கிற டிரேடிங் நிறுவனம் நடத்தும் மனக்கணக்குத் தேர்வைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: 8 நிமிடத்தில் 80 கணக்கு, தப்பு விடைக்கு மதிப்பெண் குறையும். எனக்கு வந்ததும் அதே சாயல். பின்னம், தசமம், சதவீதம். கால்குலேட்டர் கூடாது. ஸீட்டாமேக் என்கிற வேகக்கணக்குப் பயிற்சித் தளத்தில் தினமும் பழகினால் போதும், இதில் பெரிய ரகசியம் எதுவுமில்லை.

நேர்முகத்தில் என்னை அசத்தியது பகடை ஆட்டம். இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

மூன்று பகடை. விழும் கூட்டுத்தொகையே ஒரு பொருளின் மதிப்பு என்று வைத்துக்கொண்டு, அதற்கு நான் வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டும் சொல்ல வேண்டும். சராசரி 10.5 என்பதால் 10-க்கு வாங்குவேன், 11-க்கு விற்பேன் என்றேன். இன்டர்வியூ எடுத்தவர் ஒரு பகடையை எனக்குக் காட்டாமல் உருட்டித் தான் மட்டும் பார்த்துவிட்டு, "11-க்கு வாங்குகிறேன். இப்போது உங்கள் விலை என்ன?" என்றார்.

அவர் கையில் தகவல் இருக்கிறது. மற்ற இரண்டு பகடைகளின் சராசரி 7. பார்த்த பகடை 4 என்றால் மதிப்பு சரியாக 11, வாங்குவதில் அவருக்கு ஒன்றுமில்லை. ஆக அவர் பார்த்தது 5 அல்லது 6. அப்படியானால் சராசரி 12.5. இதை வாய்விட்டுச் சொல்லியபடியே 12-க்கு வாங்குவேன், 13-க்கு விற்பேன் என்று நகர்ந்தேன். உடனே அடுத்த கேள்வி: "நான் பொய்க்கு வாங்கியிருந்தால்?" அப்போது இடைவெளியை அகலமாக்குவேன், 11.5-க்கு வாங்குவேன், 13-க்கு விற்பேன் என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

விடையை விட, எதிராளி செய்ததைப் பார்த்து நம் எண் எப்படி நகர்கிறது என்பதைத்தான் கவனிக்கிறார்கள். டிரேடிங் டெஸ்க்கில் அன்றாடம் நடப்பதும் இதுவே. மற்றதெல்லாம் வழக்கமான கேள்விகள்: பகடையை ஒருமுறை மறுபடி உருட்ட அனுமதித்தால் சராசரி என்ன (4.25) என்கிற வகை. இப்போது மும்பையில் அதே நிறுவனத்தில்தான் இருக்கிறேன்.

* * *

மேலே நண்பர் எழுதியது டிரேடர் வேலைக்கு. நான் போனது டெவலப்பர் வேலைக்கு, குர்கானில். பகடை எதுவும் வரவில்லை, முழுக்க சி++. ஆர்டர் புக் ஒன்றை (வாங்க, விற்க வந்து காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியல்) வடிவமைக்கச் சொன்னார்கள். வரிசைப்படுத்திய மேப் போதுமே என்றால், "கேஷ் மிஸ் ஆகும்போது என்ன நடக்கும்?" என்று தோண்டுவார்கள் (கேஷ் மிஸ் என்றால் தேவையான தரவு வேக நினைவகத்தில் இல்லாமல் போவது). எனக்குப் பிடித்த கேள்வி நெட்வொர்க்கில் வந்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் விலைத் தகவல் யுடிபி மல்டிகாஸ்ட்: ஒரே நேரத்தில் பலருக்கும் போகும், வந்து சேர்ந்ததா என்று சரிபார்க்காது. நாம் அனுப்பும் ஆர்டர் டிசிபி: சேர்ந்ததா என்று சரிபார்க்கும். யுடிபியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் எப்படித் தெரியும்? வரிசை எண்ணில் இடைவெளி விழும். தெரிந்த பிறகு மீட்கும் வரை பழைய விலையை நம்பி ஆர்டர் போடலாமா, நிறுத்தலாமா? இதிலேயே அரை மணி நேரம் ஓடியது. கல்லூரியில் நெட்வொர்க் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படித்தவர்கள் தயவுசெய்து மறுபடி எடுத்துப் பாருங்கள்.

* * *

சென்னையிலிருந்து எழுதுகிறேன். எனக்கு முதலில் வந்த "பிராப் ஃபர்ம்" அழைப்பு இப்படிப்பட்டதல்ல. கட்டணம் கட்டி "சேலஞ்ச்" என்கிற டிரேடிங் தேர்வை முடித்தால், தங்கள் பணத்தில் டிரேட் செய்ய ஃபண்டட் அக்கவுண்ட் தருவோம் என்றார்கள். சம்பளமும் கிடையாது, நியமனக் கடிதமும் கிடையாது. அது வேலையே அல்ல, தங்கைகளே, தம்பிகளே. அடுத்து ஒரு சிறிய டிரேடிங் டெஸ்க்: நட்டம் வந்தால் பிடித்துக்கொள்ள டெபாசிட் கேட்டார்கள். அம்மா நகையை வைத்துத் தருகிறேன் என்றார், வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அந்த முடிவில் இன்றும் எனக்கு நிம்மதி.

பிறகு செபி தொடங்கிய பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் சீரிஸ் 8, அதாவது ஈக்விட்டி டெரிவேட்டிவ்ஸ் சான்றிதழ்த் தேர்வை எழுதி முடித்தேன். பெரிய நிறுவனங்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை என்றாலும், என்எஸ்இ உறுப்பினரான ஒரு நடுத்தர நிறுவனம் அதைப் பார்த்துத்தான் அழைத்தது. அழைப்பு வந்தால் முதல் காரியமாக என்எஸ்இ இணையதளத்தின் உறுப்பினர் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இருந்தாலும், உங்களிடம் பணம் கேட்டால் போகாதீர்கள்.