பழைய ஹைப்ரிட் கார் பேட்டரியை மின்சார சைக்கிளில் போட்டவர்கள், உங்களுக்கு என்ன நடந்தது?

ஐந்துமாட்யூல்:
நானே ஆரம்பிக்கிறேன், மூன்று வாரமாக மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. உடைக்கப் போன ஹைப்ரிட் காரிலிருந்து வந்த நிக்கல் மாட்யூல்கள் (சில செல்களை ஒன்றாக அடைத்த பேட்டரித் துண்டுகள்), ஐந்தைத் தொடராகக் கோர்த்து 36 வோல்ட், ஃபிரேமில் மாட்டிய பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். ஓட்டம் பிரமாதம். ஏற்றத்தில் என் பழைய லித்தியம் பேக் திணறும் இடத்தில் இது சும்மா ஏறியது. அந்த சந்தோஷத்தில் இரவு அதே லித்தியம் சார்ஜரை, 42 வோல்ட்தான், மாட்டிவிட்டுத் தூங்கிவிட்டேன், நிறைந்தால் தானாக நிற்குமே என்று. நடு இரவில் ஒரு சத்தம். வெடிச்சத்தம் இல்லை, பிளாஸ்டிக் நாற்காலியில் கனமான ஆள் உட்காரும்போது வருமே, அந்த முனகல். போய்ப் பார்த்தால் சார்ஜரில் இன்னும் சிவப்பு விளக்கு, பை உப்பி ஜிப் பல் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருக்கிறது. கை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தீயும் இல்லை, புகையும் இல்லை. ஆனால் அந்த முனகல் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

மேட்டுவழி:
எனக்கு நேர் எதிர், சத்தமே இல்லாமல் செத்தது. 28 மாட்யூலில் மீட்டரில் 7.6 வோல்ட்டுக்கு மேல் காட்டியவற்றைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். முதல் மேட்டின் பாதியில் கண்ட்ரோலர், அதாவது மோட்டாருக்கு மின்சாரம் விடும் பெட்டி, கட் ஆகிவிட்டது. இறங்கி, பிரேக்கைப் பிடித்தபடி த்ராட்டிலைத் திருகிக்கொண்டே ஒவ்வொன்றாக அளந்தேன்: நான்கு ஒழுங்காக இருக்கிறது, ஐந்தாவது மைனஸ் 2 வோல்ட். மைனஸ்! மீட்டர் கம்பியை மாற்றிப் பிடித்துவிட்டேனோ என்று மூன்று தடவை பார்த்தேன். த்ராட்டிலை விட்டதும் ஒன்றுமே நடக்காத மாதிரி மெல்லப் பிளஸுக்கு ஏறி வருகிறது. அப்புறம் என்ன, வீடுவரை தள்ளினேன்.

மீட்டர்பைத்தியம்:
மேட்டுவழி, சும்மா இருக்கும்போது காட்டும் வோல்ட்டை நம்பி யாராவது பொறுக்குவார்களா? நிக்கல் மாட்யூல் பாதி செத்திருந்தாலும் வோல்ட் நன்றாகத்தான் காட்டும். நானும் அப்படி ஏமாந்தவன்தான், அந்தக் கதையை விடுங்கள். சார்ஜ் செய்து, ஒரு நாள் ஆறவிட்டு, கார் ஹெட்லைட் பல்பை மாட்டி 6 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதி வையுங்கள். டொயோட்டாவின் ஹைப்ரிட் கார் ப்ரியஸின் இரண்டாம் தலைமுறை மாட்யூல் என்றால் ஒன்றுக்குள் ஆறு செல், 7.2 வோல்ட், 6.5 ஆம்பியர்-மணி. நேரம் ஒத்துப்போகிறவற்றை மட்டும் ஒரு கூட்டமாகச் சேருங்கள், ஏனென்றால் தொடரில் முதலில் காலியாகும் செல்லை மற்றவை தலைகீழாகத் தள்ளிவிடும், நீங்கள் பார்த்த மைனஸ் அதுதான். வரிசையின் நடுவில் இருந்தவற்றைக் கொஞ்சம் சந்தேகமாகவே பாருங்கள், காரில் அதிகம் சூடு வாங்கியது அவைதான்.

ஐந்துமாட்யூல், உங்கள் சார்ஜர்தான் வில்லன். லித்தியம் சார்ஜர் வோல்ட் ஏறுவதைப் பார்த்து நிறுத்துகிறது. நிக்கல் பேக் நிறைந்து சூடானதும் வோல்ட் ஏறாது, லேசாக இறங்கும். அதற்குள் ஒரு செல் ஷார்ட் ஆகியிருந்தால் அந்த 42 வரவே வராது, அது பாட்டுக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும். 0.65 ஆம்பியரில், காலியான பேக்குக்கு 14 முதல் 16 மணி நேரம், டைமர் வைத்து, வெப்ப சென்சாரும் ஒட்டி ஏற்றுங்கள். இன்னொன்று, அந்த மாட்யூல்களை காரில் இரண்டு பக்கமும் தகடு வைத்து போல்ட்டால் இறுக்கியிருப்பார்கள், பார்த்திருப்பீர்களே? அது அழகுக்கு இல்லை. பையில் தளர்வாகப் போட்டால் உப்பத்தான் செய்யும். முனையில் நீலப் பூ பூத்திருந்தால் வெறும் கையால் தொடாதீர்கள், உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அமிலம் இல்லை, காரம். வினிகர் நனைத்த துணியால் துடைத்து... சரி, நீண்டுவிட்டது.

கருகியஸ்பேனர்:
மாட்யூல் தேர்வெல்லாம் அப்புறம், பேக்கைத் திறக்கும் கதையை யாரும் சொல்லவில்லையே. சர்வீஸ் பிளக்கை (வேலைக்கு முன் பேக்கின் இணைப்பைத் துண்டிக்க உருவும் பிளக்) எடுத்தாகிவிட்டது என்று தைரியமாக பஸ்பார் நட்டை, மாட்யூல்களைக் கோர்க்கும் உலோகப் பட்டையின் நட்டை, கழற்றினேன். பிளக்கை எடுத்தால் தொடர் இரண்டு துண்டாகிறது, அவ்வளவுதான், துண்டுகளுக்குள் மின்சாரம் அப்படியேதான் இருக்கிறது. மொத்தம் 201.6 வோல்ட். ஸ்பேனர் நழுவிப் பக்கத்து நட்டில் விழுந்தது. ஒரு நீல வெளிச்சம், கண் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை, ஸ்பேனரின் வாயில் ஒரு பல்லே இல்லை. அது ஒரே ஒரு மாட்யூலுக்கு குறுக்கே விழுந்தது, வெறும் ஏழரை வோல்ட். இரண்டு கையும் இரண்டு கோடியில் இருந்திருந்தால் இதை எழுத நான் இல்லை. இப்போது ஸ்பேனர் முழுக்க டேப் சுற்றி, ரப்பர் கையுறை போட்டு, ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதான் வேலை.

எடைபார்ப்பவன்:
எல்லோரும் கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஐந்து மாட்யூல் 5 கிலோவுக்கு மேல், கிடைப்பது 234 வாட்-மணி. 18650 என்ற உருளை லித்தியம் செல் 40 எடுத்தால் 2 கிலோவில் 360. அதோடு நிக்கல் சும்மா வைத்தாலே காலியாகும். நான் ஒரு மாதம் நிறுத்தி வைத்துவிட்டு எடுத்தேன், தெருமுனை தாண்டவில்லை. எதற்கு இந்தப் பாடு?

கருகியஸ்பேனர்:
லித்தியம் உங்கள் வீட்டில் நடு இரவில் முனகினால் பக்கத்தில் விடியும்வரை உட்கார்ந்திருப்பீர்களா, சொல்லுங்கள் பார்ப்போம்.

எடைபார்ப்பவன்:
முனகும்படி ஏன் சார்ஜ் செய்யப்போகிறேன்?

ஐந்துமாட்யூல்:
சண்டை வேண்டாம், தப்பு என் பக்கம்தான். மீட்டர்பைத்தியம் சொன்னபடி பல்பை மாட்டிப் பார்த்தேன், நான்கு மாட்யூல் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டின. நடுவில் உப்பியது 11 நிமிடம். அதை மறுசுழற்சிக்குக் கொடுக்க எடுத்து வைத்திருக்கிறேன், அதுவரை மாடியில் ஒரு மண்தொட்டிக்குள் இருக்கிறது. இரவில் எழுந்தால் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.