பதில்: 'மிகைத்தெவிட்டல்' விண்மீனுக்குப் பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

> சாச்சுரேஷன் தெவிட்டல் என்றால், சூப்பர்சாச்சுரேஷன் மிகைத்தெவிட்டல்தானே?

நம் வானியல் கலைச்சொல் பட்டியலில் சாச்சுரேஷனுக்குத் தெவிட்டல் எனக்கும் சம்மதம். விண்மீன் வேகமாகச் சுழலச் சுழல அதன் காந்தப்புலம் வலுக்கிறது. மகுடம் சூடேறி எக்ஸ் கதிரைக் கூடுதலாக உமிழ்கிறது. (விண்மீனைச் சூழ்ந்த சூடான வெளிமண்டலமான கரோனாவை மகுடம் என்றே எழுதுகிறேன்.) சுழல்வேகம் இரட்டித்தால் உமிழ்வு ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்று 1981இல் பல்லவிச்சினி குழுவினர் காட்டினார்கள். ஆனால் இந்த ஏற்றம் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. விண்மீனின் மொத்த ஒளியாற்றலில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்குதான் எக்ஸ் கதிருக்கு எல்லை. சுமார் 25 நாளுக்கு ஒரு சுற்று சுற்றும் நம் சூரியனில் எக்ஸ் கதிரின் பங்கு பத்து லட்சத்தில் ஒன்று, பல சமயம் அதற்கும் கீழே. அரை நாளில் சுற்றிவிடும் ஏபி டோராடஸ் என்ற விண்மீன் அந்த எல்லையை ஒட்டியே நிற்கிறது. இனி ஊட்டினாலும் இறங்காது என்ற நிலைக்குத் தெவிட்டலைவிட நல்ல சொல் எது?

சிக்கல் அடுத்ததில்தான். சில மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று இன்னும் வேகமெடுக்கும் விண்மீன்களில் எக்ஸ் கதிர் குறைகிறது. இதைத்தான் சூப்பர்சாச்சுரேஷன் என்கிறார்கள். வேதியியலில் மிகைத்தெவிட்டிய கரைசல், தாங்கவேண்டியதைவிட அதிகமாகச் சர்க்கரையைத் தாங்குகிறது. இங்கே நடப்பது தலைகீழ்.

அண்ணன் மகள் உயர்நிலை நான்கில் படிக்கிறாள். அறிவியலெல்லாம் ஆங்கிலத்தில், தமிழ் ஒரு பாடம். தேக்காவில் தே தாரிக் குடித்துக்கொண்டே டிஷ்யூ தாளில், சுழல்வேகம் கூடக்கூட எக்ஸ் கதிர் எப்படி மாறுகிறது என்ற வளைகோட்டை வரைந்தேன். கடைசிப் பகுதியை விரலால் மறைத்துக்கொண்டு, "இதுக்கப்புறம் மிகைத்தெவிட்டல்" என்றேன்.

"அப்ப கோடு இன்னும் மேல போகுமா சித்தப்பா?"

விரலை எடுத்தேன்.

"கீழ இறங்குதே! அப்புறம் எதுக்கு மிகை?"

சரியான கேள்வி. மிகை இருப்பது சுழற்சியில், உமிழ்வில் இல்லை. ஆகவே என் முன்மொழிவு: மிகைச்சுழல் மங்கல்.

இதே நிலைக்கு அக்கா சொன்ன 'மையவிலக்குச் சரிவு' காதுக்கு இனிமைதான். ஆனால் மையவிலக்கு விசை மகுடத்தின் வெளிப்பகுதியைப் பிய்த்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். உமிழும் பகுதிகள் துருவங்களை நோக்கி ஒதுங்கிவிடுகின்றன என்பது இன்னொன்று. வழக்கு முடியாதபோது பெயரிலேயே தீர்ப்பெழுத வேண்டாம்.

'மங்கல்' என்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளி குறைவதாகப் படுமோ என்ற தயக்கம் எனக்கு உண்டு. உங்களுக்கும் அப்படிப் பட்டால் 'மிகைச்சுழல் சரிவு' என்று வைத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள், பட்டியலில் அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.

அன்புடன்,
உட்லண்ட்ஸிலிருந்து