முதல் உலகப் போர்: நாடுகளை உள்ளே இழுத்தவை கூட்டணிகளா, தேசியவாதமா?

நெய்தல்:
1914 ஜூன் 28 அன்று போஸ்னியத் தலைநகர் சராயேவோவில் செர்பிய இன இளைஞர் கவ்ரிலோ பிரின்சிப் சுட்டதில் ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் அவருடைய மனைவியும் இறந்தார்கள். அது அந்தப் பேரரசுக்கும் செர்பியாவுக்கும் இடையிலான பிணக்காகவே முடிந்திருக்கலாம். 1912, 1913 ஆண்டுகளின் பால்கன் போர்கள் அந்த வட்டாரத்துக்குள்ளேயே அடங்கின. இம்முறை அடங்காமல் போனதற்குக் கூட்டணிகளே காரணம் என்பது என் கருத்து. ஜெர்மனியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் 1879இல் உடன்படிக்கை செய்துகொண்டன; 1882இல் இத்தாலி அவர்களுடன் சேர்ந்தது. எதிர்ப்புறத்தில் பிரான்சும் ரஷ்யாவும் 1894இல் படை உடன்பாட்டை உறுதி செய்தன; பிரிட்டன் 1904இல் பிரான்சுடனும் 1907இல் ரஷ்யாவுடனும் இணக்கம் கண்டது. ஜூலை 28 அன்று ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா செர்பியா மீது போர் அறிவித்தது. ஆகஸ்ட் 4க்குள் ஐந்து வல்லரசுகள் போரில் இருந்தன. ஒரு கொலை வழக்கை ஒரே வாரத்தில் ஐரோப்பியப் போராக்கும் வலு வேறு எதற்கும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

செம்பியன்:
நண்பர் நெய்தல் தந்த பட்டியல் சரியானது. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. ஒப்பந்தத்தால் கட்டுண்ட இத்தாலி ஆகஸ்ட் தொடக்கத்தில் நடுநிலை அறிவித்தது. 1915 மே மாதத்தில் தன் பழைய கூட்டாளியான ஆஸ்திரியாவுக்கு எதிராகவே போரில் இறங்கியது. 1883 முதல் அதே அணியுடன் இரகசிய உடன்படிக்கை வைத்திருந்த ருமேனியாவும் ஒதுங்கி நின்று, 1916இல் எதிரணியில் சேர்ந்தது. மறுபுறம், செர்பியாவுக்காகப் போரிட வேண்டும் என்று ரஷ்யாவைக் கட்டாயப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் இல்லை. பிரான்சைக் காக்கவேண்டிய எழுத்துப்பூர்வமான கடமை பிரிட்டனுக்கும் இல்லை. கையெழுத்திட்டவர்கள் விலகினார்கள், கையெழுத்திடாதவர்கள் இறங்கினார்கள் என்றால், கையெழுத்தைக் குற்றவாளியாக்குவது எப்படிப் பொருந்தும்?

1879 உடன்படிக்கை ஒரு தற்காப்பு உடன்படிக்கை என்பதையும் மறந்துவிடக் கூடாது. ரஷ்யா தாக்கினால்தான் ஜெர்மனி உதவ வேண்டும். ஜூலை 5 அன்று ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்லியம் ஆஸ்திரியத் தூதரிடம், ரஷ்யா தலையிட்டாலும் ஜெர்மனி துணை நிற்கும் என்று உறுதி கூறினார். அடுத்த நாள் பிரதமர் பெத்மான் ஹோல்வெக் அதை வழிமொழிந்தார். வரலாற்றாசிரியர்கள் 'வெற்றுக் காசோலை' என்று குறிப்பிடும் இந்த வாக்குறுதியை எந்த ஒப்பந்தமும் கேட்கவில்லை. அதே ஜெர்மனி அதே கூட்டாளியை 1913இல் போருக்குப் போகாமல் அடக்கி வைத்தது. ஆகவே கூட்டணி கடிவாளமாகவும் இருந்திருக்கிறது. 1914இல் பெர்லினில் அமர்ந்திருந்தவர்கள் அதைப் பிடிக்க விரும்பவில்லை.

கூடல்வாசி:
இருவருமே தூதரகக் கோப்புகளோடு நின்றுவிடுகிறீர்கள். பிரின்சிப் ஒப்பந்தம் எதையும் படித்துவிட்டுத் துப்பாக்கி ஏந்தவில்லை. ஆஸ்திரியா-ஹங்கேரி 1908இல் போஸ்னியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டதும், தெற்கு ஸ்லாவிய மக்கள் ஓர் அரசின் கீழ் ஒன்றுசேர வேண்டும் என்ற கனவும் அந்த இளைஞர்களை உருவாக்கின. அந்தப் பேரரசில் ஜெர்மானியரையும் ஹங்கேரியரையும் கூட்டினாலும் மக்கள்தொகையில் பாதியை எட்டவில்லை. பால்கன் போர்களில் செர்பியா தன் நிலப்பரப்பை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக்கொண்டபோது, வியன்னா அதை அண்டை நாட்டின் வளர்ச்சியாக மட்டும் பார்க்கவில்லை; தன் எல்லைக்குள் வாழும் செக், குரோவாசிய, ருமேனிய மக்களும் நாளை அதே வழியைக் கேட்பார்கள் என்று அஞ்சியது. ஆஸ்திரியத் தலைமைத் தளபதி கான்ராட் பல ஆண்டுகளாகச் செர்பியா மீது போர் வேண்டும் என்று வற்புறுத்தி வந்ததற்குப் பின்னால் இந்த அச்சமே இருந்தது.

ஜூலை 23 அன்று 48 மணி நேரக் கெடுவுடன் அளிக்கப்பட்ட இறுதி எச்சரிக்கையைப் பாருங்கள். செர்பியா அதன் கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றுக்கு இணங்கியது. தன் மண்ணில் நடக்கும் நீதி விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் பங்குகொள்வதை மட்டும் வெளிப்படையாக மறுத்தது. அந்தப் பதிலைப் படித்த ஜெர்மன் பேரரசரே, போருக்கான காரணம் நீங்கிவிட்டது என்று ஜூலை 28 அன்று எழுதினார். அன்றைய நாளே வியன்னா போர் அறிவித்தது. ஒரு பக்கம் இறையாண்மையை விட்டுக்கொடுத்தால் சொந்த மக்கள் முன் நிற்க முடியாத அரசு. மறுபக்கம் ஒரு தேசிய இனத்தை நசுக்காவிட்டால் தானே சிதறிவிடுவோம் என்று நம்பிய அரசு. இதைத் தேசியவாதம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

செம்பியன்:
தொடக்கப் பொறியை அது விளக்குகிறது. பிரெஞ்சு விவசாயியும் ஜெர்மன் தொழிலாளியும் ஏன் மோதினார்கள் என்பதை விளக்கவில்லை. ஜூலை கடைசி வாரத்தில் ஜெர்மன் நகரங்களில் சமூக ஜனநாயகக் கட்சியினர் பெருந்திரளாகப் போர் எதிர்ப்புக் கூட்டங்கள் நடத்தினர். பிரான்சில் அமைதிக்காக ஓயாமல் உழைத்த சோசலிசத் தலைவர் ஜான் ஜோரெஸ் ஜூலை 31 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். மக்கள் எல்லோரும் போர் வெறியில் துடித்தார்கள் என்பது பின்னாளில் பெருக்கிச் சொல்லப்பட்ட சித்திரம்.

கூடல்வாசி:
அதே கட்சி ஆகஸ்ட் 4 அன்று நாடாளுமன்றத்தில் போர்க் கடனுக்கு ஒருமனதாக வாக்களித்ததே! ரஷ்யா முதலில் முழுப் படையையும் திரட்டியது, தாய்நாடு தாக்கப்படுகிறது என்று அரசு சொன்னதும், உலகத் தொழிலாளர் ஒற்றுமை பேசியவர்கள் ஒரே வாரத்தில் மாறினார்கள். தேசியவாதம் எப்போதும் கூச்சலோடுதான் வரும் என்று எண்ண வேண்டாம்.

நெய்தல்:
செம்பியன் அவர்கள் ஒப்பந்தத்தின் சட்ட வாசகத்தையே பார்க்கிறார். நான் அது படைத்தலைமையகங்களில் என்ன செய்தது என்பதைக் கேட்கிறேன். பிரான்சும் ரஷ்யாவும் கைகோத்த பிறகு ஜெர்மனிக்கு இருமுனைப் போர் உறுதியாகத் தெரிந்தது. ரஷ்யா மெதுவாகத் திரளும், அதற்குள் பெல்ஜியம் வழியாகப் புகுந்து சுமார் ஆறு வாரத்தில் பிரான்சை வீழ்த்த வேண்டும் என்ற, முன்னாள் ஜெர்மன் தலைமைத் தளபதி ஷ்லீஃபென் வழித் திட்டம் அதன் விளைவு. ஆகவே ஜூலை 30 அன்று ரஷ்யா பொதுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்டதும் பெர்லினில் பேச்சுவார்த்தைக்கு நேரமே இல்லாமல் போயிற்று. பிரிட்டன் ஒதுங்கி நிற்கக்கூடும் என்று ஆகஸ்ட் 1 அன்று ஒரு தவறான நம்பிக்கை எழுந்தபோது, படைகளைக் கிழக்கே மட்டும் திருப்ப முடியுமா என்று பேரரசர் கேட்டார். பத்து லட்சக்கணக்கான வீரர்களின் நகர்வை நின்ற நிலையில் மாற்ற இயலாது என்று ஜெர்மன் தலைமைத் தளபதி மோல்ட்கே மறுத்துவிட்டார். செர்பியாவில் தொடங்கிய சண்டைக்குப் பெல்ஜிய நகரமான லியேஜ் ஏன் தாக்கப்பட்டது என்பதற்குக் கூட்டணிக் கணக்கைத் தவிர வேறு விடை இல்லை.

செம்பியன்:
மாற்றுவழி இருந்தது. கிழக்கே மட்டும் படை நகர்த்துவதற்கான தனித் திட்டத்தை ஜெர்மன் தலைமையகம் 1913 வரை ஆண்டுதோறும் புதுப்பித்து வந்தது. அதைக் கைவிட்டவர் மோல்ட்கே. இருந்த மாற்றுவழியைத் தாங்களே அடைத்துவிட்டு, வழியே இல்லை என்று சொன்னவர்களின் வாதத்தை நூறாண்டு கழித்து நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

பாலைநிலம்:
ஒரு சொல் சேர்க்க விரும்புகிறேன். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியப் படைவீரர்கள் இந்தப் போருக்காகக் கடல் கடந்தார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்தது. இந்த மக்களிடம் யாரும் ஒப்பந்தமும் கேட்கவில்லை, தேசப்பற்றும் கேட்கவில்லை. லண்டன் போர் அறிவித்ததும் இந்தியாவும் போரில் இருந்தது. பேரரசு என்ற மூன்றாவது காரணத்தை மூவரும் விட்டுவிட்டீர்கள்.

நெய்தல்:
பாலைநிலம் சொல்வது மறுக்க முடியாதது. போர் உலகப் போரானது அந்த வழியில்தான். அந்த லண்டன் முடிவையே எடுத்துக்கொள்வோம். 1912இல் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரேயும் பிரெஞ்சுத் தூதர் கம்போனும் கடிதங்கள் பரிமாறினார்கள். எவரையும் கட்டுப்படுத்தாது என்றே அவற்றில் எழுதப்பட்டிருந்தது. ஆயினும் பிரெஞ்சுக் கடற்படை மத்தியதரைக் கடலில் குவிய, பிரான்சின் வடகரை பிரிட்டனை நம்பித் திறந்து கிடந்தது. 1914 ஆகஸ்ட் 2 அன்று, அதாவது பெல்ஜியத்துக்குள் ஜெர்மன் படை நுழைவதற்கு முன்பே, அந்தக் கரையைக் காப்பதாகப் பிரிட்டன் அமைச்சரவை வாக்களித்தது. எழுதப்படாத கூட்டணியும் இழுக்கும்.

செம்பியன்:
இழுத்திருந்தால் ஆகஸ்ட் 3 அன்றே நிறுத்தியிருக்கலாம். பிரிட்டன் நடுநிலை காத்தால் அந்தக் கரையைத் தாக்கமாட்டோம் என்று ஜெர்மனி அன்று முன்வந்தது. கிரே அதை நாடாளுமன்றத்திலேயே சொல்லி, அது மிகக் குறுகிய வாக்குறுதி என்று ஒதுக்கினார். பிரான்ஸ் வீழ்ந்தால் பெல்ஜியமும் ஹாலந்தும் டென்மார்க்கும் ஒரே வல்லரசின் பிடிக்குள் போய்விடும் என்பது அவருடைய உரையின் முக்கியமான கவலைகளில் ஒன்று. அது பிரான்சுக்குப் பட்ட கடன் அன்று, பிரிட்டனின் சொந்தப் பாதுகாப்புக் கணக்கு. நெப்போலியன் காலத்திலும் பிரிட்டன் அதே கணக்கைத்தான் போட்டது. 1904இல் பிரான்சுடன் எந்த இணக்கமும் ஏற்படாமல் இருந்திருந்தாலும் 1914இல் அதையே போட்டிருக்கும்.