கீறலா, பட்டையா? எலிசபெத் காலத்து உடையில் ஒரு சந்தேகம்

நூற்கண்டு: இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் ஆண்ட காலத்து (1558–1603) ஆண்களின் ஓவியங்களில், பூசணிக்காய்போல் உப்பிய அரைக்கால்சட்டையில் நெடுக்காகக் கோடுகள் ஓடுகின்றன. இடுக்கில் வேறு நிறத் துணி தெரிகிறது. இதற்குப் பெயர் ‘ஸ்லாஷ்’ தானே?

கத்தரிக்கோல்: அதேதான். மேல்துணியைக் கீறி, உள்துணியைப் பிதுக்கிவிடுவார்கள்.

பழம்பட்டு: இல்லை ஐயா, அது ‘பேன்’ (pane; தலைப்பேன் அல்ல!). தனித்தனிப் பட்டைகள், இடுப்பிலும் தொடைப் பட்டியிலும் மட்டும் பிடித்துத் தைத்திருப்பார்கள். விளிம்பில் சரிகை நாடா இருக்கிறதா என்று பாருங்கள்.

கத்தரிக்கோல்: கீறலின் விளிம்பிலும் நாடா வைப்பதுண்டே!

பழம்பட்டு: உண்மை, அந்த அடையாளம் போதாது. முனையைப் பாருங்கள். கீறல் துணியின் நடுவிலேயே நின்றுவிடும். பட்டை தையல்வரை ஓடும். நக அளவுக்குச் சின்னச் சின்ன வெட்டுகளாக இருந்தால் அது ‘பிங்க்’ (நிறமல்ல!). கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டுவதால் இழை எளிதில் பிரியாது.

நூற்கண்டு: ஆர்மடா என்ற ஸ்பானியப் போர்க்கப்பல் படையின் தோல்வியை நினைவுகூரும் அரசியின் ‘ஆர்மடா ஓவிய’த்தில் சட்டைக்கு உப்பிய வெள்ளைக் கை, அதன்மேல் பொன் சூரியன்கள். ‘ஆட்டுத்தொடைக் கை’ என்று ஒரு குறிப்பில் படித்தேன்.

பழம்பட்டு: அது 19ஆம் நூற்றாண்டுப் பெயர். அரசியின் தையல்காரரிடம் சொல்லியிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பார். ‘ட்ரங்க் ஸ்லீவ்’ என்று எழுதுங்கள்.

கத்தரிக்கோல்: தோளில் பருத்து மணிக்கட்டில் ஒடுங்குவதை ‘ஆட்டுத்தொடை’ ஒரே சொல்லில் காட்டிவிடுகிறது. ‘ட்ரங்க்’ என்றால் நம் வாசகர் தகரப் பெட்டியைத்தான் நினைப்பார்.

பழம்பட்டு: பழைய பெயரை விட்டால் அதன் கதையும் போய்விடும். கழுத்து விளிம்பில் பல் பல்லாக வெட்டித் தைப்பது ‘பிக்கடில்’. அதை விற்றுச் செல்வம் சேர்த்த ராபர்ட் பேக்கர் என்ற தையல்காரர் 1612 வாக்கில் வீடு கட்ட, ஊரார் ‘பிக்கடிலி ஹால்’ என்று கேலி செய்தார்கள். லண்டனின் பிக்கடிலி தெருவுக்கு அந்தப் பெயர் வந்த வழி அதுதான்.

கத்தரிக்கோல்: ஊரார் வைத்த கேலிப்பெயர் உங்களுக்கு வரலாறு, ஆட்டுத்தொடை மட்டும் பிழையா?

பழம்பட்டு: அந்தக் கேலி அந்தக் காலத்து வாயிலிருந்து வந்தது. உங்களுடையது இருநூறு ஆண்டுக்குப் பின் வந்தது.

நூற்கண்டு: முதலில் கேட்ட ஆண்களின் ஓவியங்களில் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கால்சட்டையில் பட்டைகள் தொடைப் பட்டிவரை ஓடுகின்றன, மேல்சட்டையில் வெட்டுகள் பாதியில் நிற்கின்றன. ஒரே ஆளின் உடம்பில் நீங்கள் இருவரும் சொன்னது இருக்கிறது.