புதுப்பிப்பு: மும்பை சொசைட்டி ஃபிளாட் அப்பாவிடமிருந்து என் பெயருக்கு மாறிவிட்டது

செம்பூர் ஃபிளாட்டை அப்பா இருக்கும்போதே என் பெயருக்கு மாற்ற வழி கேட்டிருந்தேன். சொசைட்டி (வீட்டு உரிமையாளர்களின் கூட்டுறவுச் சங்கம்) பெயர் மாற்ற 25,000 ரூபாய் பிரீமியம் கேட்டதையும் சொல்லியிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"நாமினேஷன் போதாது, தானப் பத்திரம் பதிவு செய்யுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. மகாராஷ்டிராவில் பெற்றோர் பிள்ளைக்குத் தரும் குடியிருப்புக்கு முத்திரைத் தீர்வை 200 ரூபாய்தான், செஸ் என்ற கூடுதல் வரி தனி. பிறகு பத்திர நகல், ஒரிஜினல் ஷேர் சர்டிஃபிகேட் (சொசைட்டியில் உறுப்பினரின் பங்குக்கான சான்று), உறுப்பினர் விண்ணப்பம் மூன்றையும் சொசைட்டியிடம் கொடுத்தோம். குடும்பத்துக்குள் மாற்றினால் பிரீமியம் கிடையாது என்று சொசைட்டிகளுக்கான அரசின் மாதிரித் துணைவிதியில் இருப்பதைக் காட்டியதும் செயலாளர் ஒப்புக்கொண்டார். மாற்றக் கட்டணம் 500, நுழைவுக் கட்டணம் 100, அவ்வளவே.

எதிர்பாராதது இனிஷியல். ஷேர் சர்டிஃபிகேட்டில் அப்பா பெயருக்கு முன் ஓரெழுத்து. ஆதாரிலோ தாத்தா பெயர் முழுதாக இருக்கிறது. நம்மவர்கள் பலருக்கும் இது வரும். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி பிரமாணப் பத்திரம் கொடுத்த பிறகுதான் கமிட்டி ஏற்றது. முதலிலேயே தயாராக வையுங்கள், எங்களுக்கு ஒரு மாதம் போய்விட்டது. பதிவு அலுவலகத்தில் அப்பாவின் தேய்ந்த கட்டைவிரல் ரேகை நான்காவது தடவைதான் பதிந்தது.

நேற்று சர்டிஃபிகேட் கைக்கு வந்தது. பின்பக்கம், அப்பா பெயருக்குக் கீழே என் பெயர்.