ரோட்டோர பிளாட்பாரத்துல குடியிருந்துட்டு, அப்புறம் வீட்டுக்குக் குடிபோனவங்கள பாத்திருக்கீங்களா? உங்க அனுபவத்த எழுதுங்க

ஜெராக்ஸ் கடைக்காரர், பழைய ஜெயில் ரோடு:

ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம் கடை வச்சிருக்கேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல வடசென்னையே தண்ணில நின்னுச்சே, அது வடிஞ்சு நாலஞ்சு நாள் இருக்கும், ஒரு அக்கா வந்தாங்க, கையில பிளாஸ்டிக் கவர், உள்ள பூரா கூழாயிப்போன பேப்பர். பொண்ணோட மார்க்‌ஷீட், சாதி சான்றிதழ், மாமியாரோட பழைய ரேஷன் கார்டு. "கிழியறதுக்குள்ள ஜெராக்ஸ் எடுத்துக் குடு தம்பி"ன்னாங்க. ஈரத்தோட மெஷின்ல வச்சா அங்கயே ஒட்டிக்கும், அதனால ஒவ்வொண்ணா பிரிச்சு நியூஸ் பேப்பர் நடுவுல வச்சு ஃபேன் கீழ காயவச்சோம், ரெண்டு நாள் ஆச்சு, மார்க்‌ஷீட் மட்டும்தான் தேறுச்சு.

வால்டாக்ஸ் ரோடு பக்கம் பிளாட்பாரத்துல மூணு தலைமுறையா இருக்காங்களாம். வேலை வெட்டி இல்லாம உக்காந்திருக்காங்கன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது ரொம்ப தப்பு. இந்த அக்கா விடியறதுக்கு முன்னாடியே காசிமேடு போய் மீன் எடுத்துட்டு வந்து தெருத்தெருவா விக்கிறவங்க, வீட்டுக்காரர் மீன்பாடி வண்டி ஓட்டுனவர், இப்ப இல்ல. வாடகை குடுக்க தெம்பு இருந்துச்சு, ஆனா வீடு கேட்டா ஆதார் கேக்கறாங்க, ஆதாருக்குப் போனா அட்ரஸ் கேக்கறாங்க, ஒரு ஆபீஸ்ல "ரோட்டுக்கெல்லாம் அட்ரஸ் போட முடியாதும்மா"ன்னு அனுப்பிட்டாங்க.

எங்க கடை வாசல்ல மனு எழுதிக் குடுக்கிற ரிட்டயர்ட் சார் ஒருத்தர் இருக்கார். அவர்தான் சொன்னார், வீடு இல்லாதவங்களும் வாக்காளர் பட்டியல்ல சேரலாம், ஃபார்ம் 6ல எந்த இடத்துல தூங்குறாங்களோ அத எழுதினா போதும், அட்ரஸ் ப்ரூஃப் வேணாம், பூத் லெவல் ஆபீசர் ராத்திரியில நேர்ல வந்து அங்கதான் படுக்கிறாங்களான்னு பாப்பார்னு. இத்தன வருஷம் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், எனக்கே அன்னிக்குதான் தெரியும்.

ஃபார்ம் குடுத்தாச்சு. ஆபீசர் வர்ற அன்னிக்கு அக்காவுக்கு ஒரே பயம், நாம தூங்கிட்டா என்ன பண்றது, எழுப்பாம போயிட்டா என்ன பண்றதுன்னு, நீங்க படுத்திருக்கிறததான் பாக்க வர்றாரு அக்கான்னு நாங்க சொன்னா கேக்கல, தலைய வாரி பூ வச்சிகிட்டு உக்காந்திருந்தாங்க. பத்தரை மணிக்கு மேல அவர் பைக்ல வந்தார். எதிர் டிபன் கடை ஆயா, வாட்ச்மேன், ரிக்‌ஷா தாத்தா எல்லாரும் எழுந்து வந்து நின்னுட்டாங்க, "இது பொறந்ததே இங்கதான் சார், இது ஆத்தாவும் இங்கதான்"னு ஆயா சொல்லிச்சு. அவர் டார்ச் அடிச்சு, சுருட்டி வச்ச பாய், தார்பாய், பொண்ணோட ஸ்கூல் பை எல்லாம் பாத்துட்டு எழுதிகிட்டார். போறப்ப "படுங்கம்மா, லேட்டாயிடுச்சு"ன்னார். அக்கா அழுதுட்டாங்க, எனக்கும் தொண்டை அடைச்சுது.

2024 ஏப்ரல் 19 காலையிலயே ஓட்டு போட்டுட்டு விரல் மைய கடைக்கு வந்து காட்டினாங்க. அந்த ஓட்டர் கார்ட வச்சு ஆதார், அப்புறம் பேங்க் புக்கு. அட்வான்ஸுக்குதான் பணம் இடிச்சுது. டிபன் கடை ஆயா நடத்துற சீட்டுல முதல் சீட்ட எல்லாருமா சேர்ந்து இவங்களுக்கே விட்டுக் குடுத்துட்டாங்க, அதுல இருக்கிற எல்லாருமே அன்னாடங்காய்ச்சிங்கதான், அவங்களுக்கும் செலவு இருக்கும்ல. இப்ப கொருக்குப்பேட்டையில ஒரு ரூம். ரயில்வே கேட் போட்டா அரை மணி நேரம் நிக்கணும்னு திட்டிகிட்டே மீன் கூடையோட வர்றாங்க.

மண்ணடி லோடுமேன்:

அண்ணே படிச்சிட்டு என் கதையும் சொல்லணும்னு தோணுச்சு. 2014ல ஊர்ல சண்ட போட்டுட்டு சென்ட்ரல்ல வந்து எறங்கினேன், எட்டு மாசம் ரோடுதான். அம்மா உணவகத்துல இட்லி 1 ரூபா, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3, அதனால பசி பெருசா தெரியல, தூக்கம்தான் இல்ல, தூங்கினா செருப்பும் போயிடும். இரும்புக்கடையில லோடு இறக்குறப்ப ஒரு பெரியவர் என் பைய வாங்கி அவர் குடோன்ல பூட்டி வச்சார், "ராத்திரி கவலையில்லாம தூங்குடா"ன்னார். அப்புறம் அவரே வீடு இல்லாதவங்க தங்குற கார்ப்பரேஷன் விடுதியில கொண்டுபோய் விட்டார். லட்சம் பேருக்கு ஒரு விடுதியாவது 24 மணி நேரமும் திறந்திருக்கணும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்காம், அங்கதான் தெரிஞ்சுகிட்டேன். இப்ப கல்யாணமாகி ரெண்டு பசங்க. அந்த பை இன்னும் வச்சிருக்கேன்.

ராயபுரம் அக்கா:

ஜெராக்ஸ் தம்பி, எங்க பாலத்துக்கு கீழ ஒரு தாத்தா இருக்கார், எந்த பேப்பரும் கிடையாது, பேர் மட்டும்தான் சொல்றார். அவருக்கும் அந்த ஃபார்ம் போட முடியுமா?

ஜெராக்ஸ் கடைக்காரர்:

போடலாம்க்கா. அவர் படுக்கிற இடத்துக்கு எதிர்ல இருக்கிற கதவு நம்பர் மட்டும் பாத்து வச்சிக்கோங்க, ஒரு போட்டோ வேணும், அத நானே எடுத்துக்கறேன், காசு வேணாம். திங்கக்கிழமை காலையில கூட்டிட்டு வாங்க, சார் பத்து மணிக்கு வந்துடுவார்.