வாப்பா லெபனானில்: தினமும் வீடியோ கால் வேண்டுமா, குறைக்கலாமா? (2024 நவம்பர்)

தெஹிவளை உம்மா

என் கணவர் இலங்கை இராணுவத்தில். லெபனானில் நகூரா என்ற இடத்தில் ஐ.நா. அமைதிப் படையோடு இருக்கிறார், போய் ஏழு மாதமாகிறது. மகனுக்கு 7 வயது, மகளுக்கு அடுத்த மாதம் 3. நான் வேலைக்குப் போகிறேன். மாமி எங்களோடு அனெக்ஸில் இருக்கிறார்.

ஒவ்வொரு இரவும் அவர் வாட்ஸ்அப்பில் எடுப்பார். கதைத்து முடிந்த உடனே மகள் செருப்புத் தட்டுக்குப் போவாள். வாப்பாவின் கறுப்பு ரப்பர் செருப்பை ஒவ்வொன்றாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து வாசல் மிதியடியில் வைப்பாள். ஒன்று கோணலாக இருந்தால் திரும்ப நேராக்குவாள். பிறகு அதன் பக்கத்தில் குந்திவிடுவாள். தூக்கினால் கத்தல். ஒரு மணித்தியாலம், சில நாள் ஒன்றரை. இந்த மூன்று கிழமையாக இன்னும் மோசம். மகன் போன் பக்கமே வருவதில்லை. கையில் கொடுத்தால் கேமராவை ஃபேன் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போய்விடுகிறான்.

புதனும் ஞாயிறும் மட்டும் கால், மற்ற நாளில் அவர் குரல் பதிந்து அனுப்பட்டும், காலையில் போட்டுக் காட்டுகிறேன் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "சரி, உனக்கு எது லேசோ அதைச் செய்" என்று வைத்துவிட்டார். மாமி, பிள்ளை தகப்பன் முகத்தையே மறந்துவிடும் என்கிறார். பிள்ளைகளோடு தனியாக இருந்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை கப்பல்காரர்

தங்கச்சி, தயவுசெய்து குறைக்க வேண்டாம். நான் எஞ்சின் ரூமில் வேலை செய்தவன். 9 மாத ஒப்பந்தம். அந்த நாளில் கப்பலில் இன்டர்நெட் இல்லை. துறைமுகத்தில் இறங்கி கார்ட் வாங்கி, வரிசையில் நின்று எடுத்தால்தான் குரல் கேட்கலாம். முதல் பயணம் முடிந்து கொட்டாஞ்சேனைக்கு வந்தபோது என் மகளுக்கு ஒன்றரை வயது. சுவரில் இருந்த என் படத்துக்கு முத்தம் கொடுத்த பிள்ளை, நான் உள்ளே வந்ததும் அம்மாவின் சாரிக்குள் ஒளிந்தாள். அவளாக என் கையைப் பிடிக்க ஒன்பது நாள் எடுத்தது. எண்ணிக்கொண்டிருந்தேன்.

அங்கே இருக்கிற மனிதனுக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் சாப்பாடு. இப்போது அந்தப் பக்கம் நடக்கிற இஸ்ரேல்-ஹிஸ்புல்லா சண்டைக்கு நடுவே அவருடைய பிடியை நீங்களே எடுத்துவிடாதீர்கள்.

மட்டக்குளி மருமகள்

அண்ணா சொல்வது தகப்பன் பக்கம். அதில் பொய் இல்லை. ஆனால் கால் முடிந்ததும் அவருக்கு வேலை முடிந்தது, நமக்கு அப்போதுதான் ஆரம்பம். அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது யார்? காலையில் ஐந்து மணிக்கு எழும்பிச் சாப்பாடு கட்டி, ஸ்கூல் வேனுக்கு ஏற்றி, பஸ் பிடித்து வேலைக்கு ஓடுவது யார்?

என் வீட்டுக்காரர் கட்டாரில். எங்களுக்கும் முதல் வருடம் இதே கதைதான். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு, அன்றைக்கு மட்டும் என்று வைத்தோம். ஒரு மாதத்துக்குள் மகன் அடங்கிவிட்டான். உம்மா விழுந்தால் வீடே விழும். நீங்கள் நினைத்ததைச் செய்யுங்கள் சகோதரி, குற்ற உணர்ச்சி வேண்டாம்.

வெள்ளவத்தை டீச்சர்

நான் 19 வருடமாக மொண்டிசோரி நடத்துகிறேன். மட்டக்குளி சகோதரிக்கு உங்கள் களைப்பு புரிந்திருக்கிறது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் "அடங்கிவிட்டான்" என்ற சொல் எனக்குப் பயமாக இருக்கிறது.

லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன், ஜான் பௌல்பி என்ற இரண்டு பேர் ஆஸ்பத்திரியில் பெற்றோரைப் பிரிந்திருந்த சின்னப் பிள்ளைகளை நெடுநாள் கவனித்து 1952இல் எழுதினார்கள். முதலில் பிள்ளை கத்தும், எதிர்க்கும். பிறகு ஏங்கிச் சோரும். மூன்றாவதாக விளையாடும், சிரிக்கும், யார் வந்தாலும் கவலைப்படாது. தாதிமார் அதைப் பார்த்து "பழகிவிட்டது" என்று சந்தோஷப்பட்டார்கள். உண்மையில் பிள்ளை விலகிவிட்டது. அவை தாயும் பக்கத்தில் இல்லாத பிள்ளைகள், உங்கள் வீடு அப்படியில்லை. ஆனாலும் செருப்பு எடுத்து வைக்கிற பிள்ளை முதல் படியில் நிற்கிறாள். வாப்பா தனக்குரியவர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கவலை ஃபேனைக் காட்டிவிட்டுப் போகிற மகன்தான்.

திரையும் கெடுதல் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2016இல், ஒன்றரை வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் திரையே காட்டாதீர்கள் என்றபோதும் வீடியோ காலை மட்டும் விட்டுவைத்தார்கள்.

இரண்டு கேள்வி. வாப்பா எப்போது வருவார் என்று மகளுக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள்? மகன் எந்த நாளிலிருந்து இப்படி?

தெஹிவளை உம்மா

மகளுக்கு "நாளைக்கு" என்றுதான் சொல்கிறேன். நான் சொல்கிறேன், மாமி சொல்கிறார், அவரும் காலில் "நாளைக்கு வாறேன் மகள்" என்கிறார். அழாமல் இருக்கட்டும் என்றுதான். இதை எழுதும்போதுதான் எனக்கே நெஞ்சில் அடித்தது. அவள் ஒவ்வொரு நாளும் அந்த நாளைக்காகத்தான் செருப்பை எடுத்து வைக்கிறாள்.

மகன் விஷயம் எனக்குத் தேதியோடு தெரியும். போன மாதம் 10ஆம் திகதி அவர்களுடைய முகாமில் ஒரு கண்காணிப்புக் கோபுரத்தை டாங்கி சுட்டு, இந்தோனேசியப் படையினர் இருவர் காயப்பட்டார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை இன்னொரு கோபுரத்தின் பக்கத்தில் வெடித்து நம் நாட்டவர் இருவர் காயம். ஒருவரை அங்கே டயர் என்ற நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இவர் உடனே எடுத்து, தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். அன்று நான் டிவியை அணைத்து வைத்தேன். மகனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திங்கட்கிழமை வேனில் பெரிய வகுப்புப் பையன் ஒருவன் "ஒங்கட வாப்பாட கேம்புக்கு குண்டு விழுந்திச்சாமே" என்றிருக்கிறான். வேன்காரர்தான் என்னிடம் சொன்னார், மகன் சொல்லவில்லை. அன்று இரவு கால் வந்தபோது கழிவறைக்குப் போய்ப் பூட்டிக்கொண்டான். அன்றிலிருந்து இப்படி.

வன்னியில் வளர்ந்தவன்

எழுதலாமா விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மறைக்காமல் சொல்கிறேன் அக்கா, உங்கள் கணவர் போடுகிற சீருடைக்கு என் வீட்டில் வேறு ஞாபகம் இருக்கிறது. அது மாறப் போவதில்லை. உங்கள் மகனுக்காக எழுதுகிறேன்.

அப்பா கொழும்பில் வேலை. பாதை பூட்டிவிட்டது. நானும் அம்மாவும் கிளிநொச்சிப் பக்கம். செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுவரும் தாளில் அப்பா நாலு வரி எழுதியிருப்பார், மாதங்கள் பிந்தி வரும். பங்கருக்குள் இருக்கும்போது அப்பா எங்கே என்று கேட்பேன். எல்லாரும் "அடுத்த கிழமை வருவார்" என்பார்கள். எத்தனையோ அடுத்த கிழமை போனது. அப்புறம் நான் கேட்பதை விட்டுவிட்டேன். செத்துப் போனவரைத்தான் பெரியவர்கள் இப்படிச் சொல்வார்கள் என்று எனக்குள் முடிவெடுத்துவிட்டேன். அப்பா உயிரோடுதான் இருந்தார். அந்த இரண்டு வருடம் நான் மட்டும் அவரைச் சாகடித்து வைத்திருந்தேன்.

கால் தினமுமா வாரத்துக்கு இரண்டா என்பது பிறகு. அவருடைய கேம்பில் என்ன நடந்தது, இப்போது எங்கே படுக்கிறார் என்று மகனிடம் அவரே சொல்லட்டும்.

மட்டக்குளி மருமகள்

தம்பி, உங்கள் கதையை வாசித்துக் கண் கலங்கியது. ஆனாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். குண்டு உங்கள் தலைக்கு மேல் விழுந்தது, அதனால் உங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. இந்தப் பிள்ளை தெஹிவளையில் இருக்கிறான். ரயில் சத்தம் தவிர வேறு சத்தம் கேட்டதில்லை. ஏழு வயதுப் பிள்ளையிடம் கோபுரம், டாங்கி என்று சொன்னால் ராத்திரி முழுக்க அதுதான் கனவில் வரும். பெரியவர்களின் பயத்தைப் பிள்ளை தலையில் ஏற்றக் கூடாது.

வன்னியில் வளர்ந்தவன்

அவன் தலையில் ஏற்கனவே ஏறிவிட்டது அக்கா, வேனில். நாங்கள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். இப்போது தனியாக வைத்துக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். டாங்கியை விவரிக்கச் சொல்லவில்லை. வாப்பா கதைப்பதைக் கேட்கவே அவனுக்குப் பயம், அந்தப் பயத்தைத் தீர்க்கச் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனை கப்பல்காரர்

ஒரு சின்ன விஷயம் கண்ணில் பட்டது. மூன்று கிழமையாக மகள் மோசம் என்றீர்கள். ஒக்டோபர் கடைசி ஞாயிறு, அதாவது 27ஆம் திகதி, லெபனானில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னால் வைத்திருப்பார்கள். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணித்தியாலம்தான் வித்தியாசம். இப்போது மூன்றரை. அவர் அங்கே 5.30க்கு எடுத்தால் முன்பு இங்கே எட்டு மணி, இப்போது ஒன்பது. அந்த நேரம் எந்த மூன்று வயதுப் பிள்ளையும் அழும். துறைமுகத்துக்குத் துறைமுகம் நேரம் மாற்றி வாழ்ந்தவனுக்கு இது சட்டென்று தெரியும்.

அவருடைய பகல் சாப்பாட்டு நேரம் 12 மணி என்றால் உங்களுக்கு 3.30. அதற்குப் பிறகு பிள்ளையை முற்றத்தில் விடலாம், விளையாட நேரம் இருக்கும். நேரத்தை மாற்றுங்கள், எண்ணிக்கையைக் குறைக்க வேண்டாம்.

தெஹிவளை உம்மா

அல்லாஹ்வே, உண்மைதான். அவர் எப்போதும் டியூட்டி முடிந்து 5.30க்குத்தான் எடுப்பார். எனக்கு இது தோன்றவே இல்லை. ஆனால் 3.30க்கு நான் ஒஃபிசில். மாமிக்கு வீடியோ கால் எடுக்கத் தெரியாது.

வெள்ளவத்தை டீச்சர்

மாமிக்குச் சொல்லிக் கொடுங்கள், பச்சை வட்டம் ஒன்றுதான். மகன் வீட்டில்தானே இருப்பான், அவனே எடுத்துக் கொடுக்கட்டும். அந்தப் பொறுப்பே அவனைப் போன் பக்கம் கொண்டுவரும்.

மகளுக்கு இனி "நாளைக்கு" வேண்டாம். மாதக் கணக்கும் அந்த வயதுக்கு விளங்காது. நடக்கப் போவதை வரிசையாகச் சொல்லுங்கள்: முதலில் உன் பிறந்த நாள், பிறகு நோன்பு, பிறகு பெருநாள், அதற்குப் பிறகு வாப்பா. தினமும் அதே வரிசை, அதே சொல். செருப்பை மட்டும் தடுக்காதீர்கள்.

மட்டக்குளி மருமகள்

பெருநாளுக்குப் பிறகு வருவார் என்று யார் உறுதி சொல்வது? படைப் பிரிவு மாறுவது பிந்தினால்? "நாளைக்கு" என்ற சின்னப் பொய் போய்ப் பெரிய பொய்யாகும். திகதியே சொல்லாமல் "வேலை முடிந்ததும்" என்று மட்டும் சொல்லுங்கள்.

தெஹிவளை உம்மா

சனிக்கிழமை நான் வீட்டில் இருந்ததால் 3.30க்கு எடுக்கச் சொன்னேன். அதற்கு முன் அவரோடு தனியாகக் கதைத்தேன். முதலில் மறுத்தார். "பிள்ளைக்குச் சொல்லவா நான் இங்க வந்தேன்" என்றார். தம்பி எழுதியதை வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசவில்லை. எழுதினவர் எந்த ஊர் என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

மகனிடம் அவரே சொன்னார். "அன்றைக்குச் சத்தம் கேட்டது, நான் கீழே பங்கருக்குள் இருந்தேன், எனக்குக் காயமில்லை, என் கூட்டாளி இரண்டு பேருக்குக் காயம்." தன் ஹெல்மட்டைக் காட்டினார், கொங்கிரீட் சுவரில் தட்டிக் காட்டினார். மகன் கேமராவை ஃபேன் பக்கம் திருப்பவில்லை. "பங்கருக்குள்ள ஃபேன் இருக்கா?" என்று கேட்டான். இருக்கிறது என்றார். பிறகு "அடுத்த முறை குண்டு விழுந்தா எனக்கு முதல்ல சொல்லுங்க, வேன்ல சொல்ல முந்தி" என்றான். இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சரி என்றார்.

அன்று இரவு மகன் என் படுக்கைக்கு வந்து படுத்தான். கனவு வந்ததா என்று கேட்டேன், இல்லை என்றான். மட்டக்குளி சகோதரி, நீங்கள் பயந்தது நடக்கவில்லை என்று இப்போதே நான் சொல்ல மாட்டேன். பார்க்கிறேன்.

மகளுக்கு மட்டக்குளி சகோதரி சொன்ன மாதிரி "வேலை முடிந்ததும்" என்று சொல்லிப் பார்த்தேன். "வேலை முடிஞ்சா?" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்கிறாள். அதனால் டீச்சரின் வரிசைக்கு மாறினேன், பெருநாள் வரை மட்டும். அதற்குப் பிறகு என்ன என்று அவள் இன்னும் கேட்கவில்லை.

செருப்பை இன்றும் எடுத்து வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அண்ணன் முற்றத்தில் பந்து அடிக்கும் சத்தம் கேட்டு எழும்பிப் போய்விட்டாள். மஃரிபுக்குப் பாங்கு சொல்ல முன் மாமி அதைத் தட்டில் எடுத்து வைத்தார்.

கொட்டாஞ்சேனை கப்பல்காரர்

மார்ச் 30ஆம் திகதி அங்கே திரும்பவும் ஒரு மணித்தியாலம் முன்னால் வைப்பார்கள் தங்கச்சி. அவருடைய 12 மணி அப்போது உங்களுக்கு 2.30. பெருநாளும் ஏறத்தாழ அந்த நாளில்தான். இப்போதே கலண்டரில் குறித்துவையுங்கள்.

மட்டக்குளி மருமகள்

நான் இன்னும் தினமும் என்பதற்கு ஆதரவில்லை, சொல்லி வைக்கிறேன். ஆனால் என் மகனிடம் இன்றைக்குக் கேட்டேன், வாப்பாவிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா என்று. ஒன்றுமில்லை என்றான். வெள்ளிக்கிழமை வரட்டும், திரும்பக் கேட்கிறேன்.